மதுரையிலிருந்து மலை ரயில்: ஜன்னலில் என்ன தெரியும், எப்போது தெரியும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்டுவிடுவார்: "பிள்ளைகளை மலை ரயில்ல கூட்டிட்டுப் போகணும். அதுக்கு ஊட்டிக்குத்தான் போகணுமா?"

போக வேண்டியதில்லை. மதுரை ஜங்ஷனில் ஏறினால் போதும், மேற்குத் தொடர்ச்சி மலையை ஊடுருவிப் போகிற ஒரு பாதை நமக்கே இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை போகும் அந்த மலைப்பாதை கேரளத்துக்குள் நுழைந்த பிறகும் மதுரை ரயில்வே கோட்டத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. ஆனாலும் அதில் போய்விட்டு "ஒன்றுமே பார்க்கலை" என்று திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் திரும்பினேன்.

அக்கா மகளுக்கு அப்போது எட்டு வயது. இரவில் மதுரை வழியாகப் போகும் கொல்லம் ரயிலில் அவளைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். செங்கோட்டை தாண்டியதும் தூக்கத்திலிருந்து எழுப்பி ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். வெளியே கும்மிருட்டு. வண்டி வளைகிற சத்தம் கேட்டது, ஈரக்காற்று முகத்தில் அடித்தது, குகைக்குள் போகும்போது சக்கரத்தின் ஓசை திடீரென்று பெரிதானது. "மாமா, மலை எங்க?" என்று அவள் இரண்டு முறை கேட்டாள். பொழுது விடிந்தபோது மலை எங்களுக்குப் பின்னால் போயிருந்தது. அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் அதற்குப் பிறகு பல தடவை அந்தப் பாதையில் போய் வந்தேன்.

காட்சிக்காக ரயிலில் போகிறோம் என்றால் அந்த ரயில் எந்த வகை என்பது முதலில் தெரிய வேண்டும். ஊட்டி ரயில் இப்போது பெரும்பாலும் சுற்றுலாவுக்காகவே ஓடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டரை ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த பட்டை இருக்கும், அதைப் பற்றிக்கொண்டு எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதில் யாரும் அவசரமாக எங்கும் போவதில்லை. இரண்டாவது வகை, பாரத் கௌரவ் போன்ற பேக்கேஜ் ரயில்கள். அவை ஊர் ஊராகக் கோயில் பார்க்கக் கொண்டுபோகிற வண்டிகள். வழியில் எது தெரிகிறது என்பது அவற்றுக்குப் பொருட்டில்லை, பாதி வழி இரவில்தான் கழியும். மூன்றாவது, நம் பக்கத்து ரயில்கள். இவை வேலைக்குப் போகிறவர்களும் கல்யாணத்துக்குப் போகிறவர்களும் ஏறுகிற சாதாரண வண்டிகள். வழியில் ஒரு மலையோ கடலோ வருகிறது, அவ்வளவுதான். அழகான இடத்தில் இவை நிற்காது, அறிவிப்பும் வராது. எந்த வண்டி, எந்தத் திசை, எந்த நேரம் என்று நாம்தான் முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மதுரையைச் சுற்றி இப்படி மூன்று வழிகள் உண்டு. எளிதானது போடி. 1928இல் வந்த பழைய மீட்டர் கேஜ் பாதை 2010 கடைசியில் மூடப்பட்டது. அகலப்பாதை வேலை முடிந்து 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் வண்டி ஓட ஆரம்பித்தது. தொண்ணூறு கிலோமீட்டர்தான். காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். இது மலையேறுகிற ரயில் இல்லை, மலையைப் பார்த்துக்கொண்டே போகிற ரயில். மதுரையை விட்டதும் நாகமலை கூடவே வரும். உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே கணவாயில் பாறையை வெட்டி விட்ட வழியே வண்டி நுழையும். அதைத் தாண்டியதும் தேனிப் பள்ளத்தாக்கு விரிந்து, எதிரே போடிமெட்டு மலை சுவர் மாதிரி நிற்கும். ஏலக்காயும் தேயிலையும் இறங்கிவரும் மலை அது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போனால் இந்தப் பாதை நன்றாக இருக்கும். சித்திரையில் போனால் வெயில்தான் மிஞ்சும்.

அடுத்தது பாம்பன். இதற்கு எல்லோருமே போயிருப்பார்கள். ஆனால் பழைய ஞாபகத்தோடு இப்போது போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1914இல் திறந்த பழைய பாலத்தில் வண்டி ஊர்ந்துதான் போகும். கீழே கடல், பக்கத்தில் கைப்பிடிச் சுவர்கூட இல்லை, நெஞ்சு படபடக்கும். அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான நீளம் கொண்டது. பழையதில் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து இரண்டு கை தூக்குவது போல் திறக்கும். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி முழுதாக, லிஃப்ட் ஏறுவது போல் 17 மீட்டர் மேலே எழும். பாலம் உறுதியானது, அதனால் வண்டியும் முன்னைவிட வேகமாகப் போகலாம். பாதுகாப்புக்கு நல்லது. நமக்குக் கடல் தெரிகிற நேரம் மட்டும் சுருங்கிவிட்டது. மண்டபம் தாண்டியதும் போனைப் பைக்குள் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்துவிடுங்கள். ஒரு பக்கம் சாலைப் பாலம், மறு பக்கம் வெறும் கடல். கடல் பக்கத்து ஜன்னலில் இடம் பிடித்தால் நல்லது. நடுப்பகுதி மேலே எழுவதை ரயிலில் இருந்து பார்க்க முடியாது, அது எழும்போது ரயில் அங்கே இருக்காது. அதைப் பார்க்க விரும்பினால் கப்பல் போகிற நேரம் தெரிந்து சாலைப் பாலத்தில்தான் நிற்க வேண்டும். காற்று ஓர் அளவைத் தாண்டினால் வண்டியை மண்டபத்திலேயே நிறுத்தி வைப்பார்கள். அப்போது யாரும் முணுமுணுக்க வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலே கடலோடு போன கடற்கரை இது.

சரி, செங்கோட்டைக்கு வருவோம். எனக்கு மனதுக்கு நெருக்கமான பாதை இதுதான், கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மதுரையிலிருந்து விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி வழியாகப் புனலூர் சுமார் 220 கிலோமீட்டர். அதில் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடைப்பட்டது வெறும் 50 கிலோமீட்டர். நீங்கள் எதிர்பார்த்து வருகிற காடும் குகையும் பாலமும் அந்த 50க்குள்தான். அதைக் கடக்க வண்டிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரம் பகலில் வருகிறதா என்பது மட்டும்தான் கேள்வி. மதுரையிலிருந்து கிளம்புகிற குருவாயூர் ரயில் பகலில்தான் மலைக்குள் போகிறது, சென்னையிலிருந்து இரவில் மதுரை வழியாக வருகிற கொல்லம் ரயில் விடிவதற்கு முன்பே மலைக்குள் நுழைந்துவிடுகிறது. இரண்டுமே திரும்பி வரும்போது நண்பகலுக்கு மேல் மலை ஏறுகின்றன. இரவு வண்டியில் ஏறுகிற மதுரைக்காரர்களுக்கு இந்தப் பயணம் போகும்போது இல்லை, வரும்போதுதான் இருக்கிறது. கால அட்டவணை மாறக்கூடியது, கிளம்பும் முன் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

ஆகவே நான் இப்போதெல்லாம் போவது இப்படி: முதல் நாளே தென்காசிக்கோ குற்றாலத்துக்கோ போய்த் தங்கிவிடுவேன். காலையில் செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் பஸ்ஸில் ஏறினால், புளியரையைத் தாண்டி மலைச்சாலை வளைந்து ஆரியங்காவு போய், தென்மலை வழியாக இறங்கும். வழியில் கழுதுருட்டி வரும், அங்கே இறங்கிக்கொள்ளுங்கள். சாலை ஓரத்திலேயே பதிமூன்று கண் பாலம் நிற்கிறது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே, கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்த்து, பதிமூன்று வளைவுகளாகக் கட்டியது. நூறு மீட்டர் நீளம். பக்கத்தில் ஆறு. இந்தப் பாதையின் படம் என்று எதைப் பார்த்தாலும் இந்தப் பாலம்தான் அதில் இருக்கும். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு ரயிலில் வருகிறவர்களுக்குத்தான் பெரிய ஏமாற்றம். ஏனென்றால் பாலத்தின் மேல் போகிறவர்களுக்குக் கண்கள் தெரியாது. மரங்களின் உச்சியும் கீழே சாலையில் நின்று கையசைக்கிறவர்களும் தெரிவார்கள், வண்டி அதற்குள் அடுத்த வளைவுக்குப் போய்விடும். பாலத்தைப் பார்க்க ஒரு தடவை கீழே நிற்க வேண்டும். அப்புறம் மேலே போக வேண்டும்.

காலையில் பஸ்ஸைப் பிடிக்க முடியாதவர்கள் இரவு ரயிலிலேயே போய்ப் புனலூரில் இறங்கி, அங்கிருந்து கழுதுருட்டி வரை பஸ்ஸில் போய் வரலாம். எப்படியானாலும் புனலூரில் மதியம் வரை நேரம் இருக்கும். கல்லடை ஆற்றின் மேல் 1877இல் முடித்த தொங்குபாலம் இருக்கிறது, இப்போது நடந்து போகிறவர்களுக்கு மட்டும். பழம்பொரியும் கட்டன் சாயாவும் சாப்பிட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் சரியாக இருக்கும். மலைக்குள் வண்டி நிற்கிற ஸ்டேஷன்கள் காட்டுக்கு நடுவே இருக்கின்றன, அங்கே கடை கண்ணியை எதிர்பார்க்க முடியாது.

இந்தப் பாதை ஏன் இங்கே வந்தது என்று பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு நல்ல கதை உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு ரயிலே இல்லாத காலம். கொல்லம் துறைமுகத்துச் சரக்கு திருநெல்வேலிச் சீமைக்குப் போக வேண்டும், நடுவே மலை. 1904 நவம்பரில் செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. தலைநகரான திருவனந்தபுரத்துக்கே 1918இல்தான் ரயில் வந்தது, அதுவும் இதே பாதையின் நீட்சியாக. கோட்டயம் வழியாக எர்ணாகுளத்துக்குப் பாதை முழுமையாகும் 1958 வரை கொல்லமும் திருவனந்தபுரமும் வெளியுலகத்தை ரயிலில் தொட வேண்டுமென்றால் செங்கோட்டைக் குகை வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்துதான் போக வேண்டும். செங்கோட்டையே அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் நம் பக்கம் சேர்ந்தது. மீட்டர் கேஜ் வண்டி 2010 செப்டம்பரில் கடைசியாக ஓடியது. குகைகளை அகலமாக்கி, பாலங்களைப் பலப்படுத்தி, 2018 ஜூனில் அகலப்பாதையாகத் திறந்தார்கள். நடுவே எட்டு வருஷம் இந்த மலையில் ரயில் சத்தமே இல்லை.

புனலூரை விட்டதும் கொஞ்ச தூரம் ரப்பர் தோட்டங்கள், ஓட்டு வீடுகள். எடமண் தாண்டினால் ஏற்றம் ஆரம்பிக்கும். வண்டியின் வேகம் சைக்கிளோடு போட்டி போடுகிற அளவுக்குக் குறையும். கோளாறு என்று நினைக்க வேண்டாம். இந்தச் சரிவில் வேகத்துக்கு மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில் கட்டுப்பாடு உண்டு, வண்டிக்குப் பின்னாலும் ஓர் எஞ்சினைக் கோத்து ஏற்றுகிற வழக்கமும் இங்கே இருக்கிறது. முன்னால் ஒன்று இழுக்கும், பின்னால் ஒன்று தள்ளும். ஊட்டி ரயிலில் இருப்பது போல் பல்பட்டை இங்கே கிடையாது, வெறும் தண்டவாளத்தில் சக்கரம் பிடித்துக்கொள்கிற பிடிதான் துணை. அதனால் பாதையை நேராகத் தூக்காமல் மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி வளைத்திருக்கிறார்கள். வளைவுகளில் கடைசிப் பெட்டிகளில் உட்கார்ந்திருந்தால் முன் எஞ்சின் உங்களுக்கு முன்னால் வளைந்து போவதைப் பார்க்கலாம். எனக்கு இது பாலத்தைவிடப் பிடித்தமான காட்சி. முடிந்தால் பின் பெட்டியில் ஏறுங்கள்.

எந்தப் பக்கம் உட்காரணும் என்றும் கேட்பார்கள். ஒரு பக்கம் பாறை வெட்டு கையெட்டும் தூரத்தில் வரும், மறு பக்கம் பள்ளத்தாக்கு திறக்கும். ஒரே இடத்தில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. மதிய வண்டியில் கூட்டம் குறைவான நாளாக இருந்தால் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்கலாம். சாதாரண ஸ்லீப்பரோ முன்பதிவில்லாத பெட்டியோதான் இதற்கு ஏற்றது. ஏசி பெட்டியில் மூடிய கண்ணாடி வழியாகக் காடு மங்கலாகத்தான் தெரியும், காட்டின் வாசனையும் வராது. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது.

கதவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். படம் எடுக்கக் கதவில் தொங்குகிற பிள்ளைகளை இந்தப் பாதையில் அடிக்கடி பார்க்கிறேன். குகைச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கிற இடைவெளி சின்னது, பாறை வெட்டும் அப்படித்தான். கை, தலை, செல்பி குச்சி எதையும் வெளியே நீட்ட விடாதீர்கள். அதேபோல் கூட்டமாகப் போகிறவர்கள் வழியில் சமைக்கலாம் என்று அடுப்போ சிலிண்டரோ எடுத்து வரவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் நம் மதுரை ஸ்டேஷனில்தான், லக்னோவிலிருந்து வந்த தனிச் சுற்றுலாப் பெட்டியில் விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்கள் எல்லோரும் ராமேஸ்வரம் பார்க்கக் கிளம்பி வந்த யாத்ரிகர்கள். தீப்பற்றும் பொருளை ரயிலில் கொண்டுவருவதற்கு மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. புளியோதரையும் எலுமிச்சை சாதமும் கட்டிக்கொண்டு போனால் ஒரு நாள் தாங்கும்.

தென்மலைக்கு அப்புறம் காடு அடர்ந்துகொண்டே வரும். கழுதுருட்டியில், காலையில் நீங்கள் நின்ற இடத்தை இப்போது மேலிருந்து தேடலாம். அடுத்தடுத்து சின்னச் சின்னக் குகைகள். ஒவ்வொன்றிலும் பெட்டி முழுக்கப் பிள்ளைகள் கத்துவார்கள், பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். ஆரியங்காவு வரும்போது மதுரைக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். இங்கே உள்ள சாஸ்தாவுக்கு வாழ்க்கைப்பட்ட புஷ்கலா தேவி மதுரைப் பெண், சௌராஷ்டிரக் குலத்தில் பிறந்தவள் என்பது ஐதீகம். ஒவ்வொரு மார்கழியிலும் நடக்கிற திருக்கல்யாணத்துக்கு மதுரைச் சௌராஷ்டிர மக்கள் பெண்வீட்டாராகச் சீரோடு போகிறார்கள். அந்த மாதங்களில் ஐயப்பன் பக்தர்களும் சேர்வதால் வண்டியில் கால் வைக்க இடம் இருக்காது. காட்சி பார்க்கத்தான் போகிறோம் என்றால் கார்த்திகை, மார்கழியைத் தவிர்த்துவிடலாம். ஆனி, ஆடியில் சாரல், எல்லாமே புகை மூடினது போல் இருக்கும், அதுவும் ஓர் அழகு. ஆனால் மண் சரிந்தால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். மழை ஓய்ந்து அருவிகள் வற்றாமல் இருக்கிற ஆவணி, புரட்டாசிதான் என் கணக்கில் நல்ல காலம்.

ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் நீளமான குகை வரும். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வண்டி மெதுவாகப் போவதால் இரண்டு நிமிடம் முழு இருட்டு. பயணத்திலேயே முக்கியமான இடம் இதுதான், ஆனால் அதை யாரும் சொல்லிவைப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து கொண்டுவருகிற ஈரத்தை இந்த மலை கேரளப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. மிச்சம்தான் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரலாக வழிந்து குற்றாலத்தையும் தென்காசியையும் நனைக்கிறது. குகைக்குள் நுழையும்போது ஜன்னலில் ஈர மரமும் பாசியும் இருந்தன. வெளியே வரும்போது வானம் சட்டென்று அகலமாகிவிடும். பகவதிபுரத்தை நோக்கி வண்டி இறங்க, கீழே செங்கோட்டை வயல்களும் தென்னையும் தொலைவில் வெளுத்த சமவெளியும் ஒரே பார்வையில் தெரியும். மேற்கே போகும் வண்டியில் இதற்கு நேர்மாறாக நடக்கும். நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன், கிழக்கே வெளிச்சத்துக்குள் வருவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

செங்கோட்டையில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். ஒற்றைப் பாதை என்பதால் எதிர் வண்டிக்காக இன்னும் கொஞ்சம் காத்திருக்க நேரிடலாம். அங்கேயே இறங்கிப் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் மதுரை போகிறவர்கள் உண்டு. நான் இறங்குவதில்லை. இதோடு எல்லாம் முடிந்தது என்று இங்கேதான் பலரும் மேல் பெர்த்துக்கு ஏறிப் படுத்துவிடுகிறார்கள்.

ஏறிப் படுத்துவிடாதீர்கள். தென்காசியிலிருந்து மதுரையை நோக்கி வரும்போது இடது பக்க ஜன்னலுக்கு மாறிவிடுங்கள். கடையநல்லூரிலிருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் நாம் கடந்து வந்த அதே மலைத்தொடர் மேற்கே நீளமாகக் கூட வரும். இந்தத் தடவை அது தள்ளி நிற்கும், முழு உருவமும் தெரியும். முன்னால் கரிசல் நிலம், அங்கங்கே காற்றாலை, தென்னந்தோப்பு. மாலை வெயில் மலையின் பின்னாலிருந்து வரும்போது அடுக்கடுக்காக நீலம் பிரியும். போன வருஷம் அக்கா மகளை மறுபடி கூட்டிப் போனேன். ராஜபாளையம் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த மல்லி ஊர் வந்ததும் இருட்டிவிட்டது.